பதிப்பகத்துக்கு எழுதும் முதல் கடிதம்

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விசைத்தறிக் குடும்பங்களைப் பற்றி ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறார். நான்கு நோட்டுகள், எல்லாம் கைப்பட எழுதியவை. எழுத்தாளராக விரும்புவோருக்கான பழைய அமெரிக்கக் கையேடு ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. 'முதலில் பதிப்பகத்துக்குச் சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையோடு ஒரு கடிதம் எழுது. படைப்பு அனுப்புவதற்கான விதிமுறைகளைக் கேட்டு வாங்கு. அதன்பிறகு படைப்பை அனுப்பு' என்று அதில் இருந்ததாம். "தமிழ்ப் பதிப்பகங்களுக்கும் அப்படி எழுதலாமா? எழுதினால் பதில் வருமா? அல்லது நோட்டுகளையே பார்சல் கட்டி அனுப்பிவிடலாமா?" என்கிறார்.

எழுதலாம். ஆனால் 'தங்கள் விதிமுறைகளை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்' என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. அது திமிரினால் அல்ல. அனுப்புவதற்கு அங்கே அப்படி ஒரு தாளே இருக்காது, அவ்வளவுதான்.

சென்னையில் நடுத்தர அளவிலான பதிப்பகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன் நான். மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது, வேலை. காலையில் வரும் தபாலைப் பிரிப்பதும் என் தலையில்தான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கையேட்டின் பின்னணி. 1921 முதல் அங்கே 'ரைட்டர்ஸ் மார்க்கெட்' என்ற தடித்த ஆண்டுத் தொகுப்பு வந்துகொண்டிருந்தது. எந்தப் பத்திரிகை என்ன வாங்கும், எவ்வளவு கொடுக்கும், யாருக்கு எழுத வேண்டும் என்று பட்டியலிடும் புத்தகம் அது. பல பதிவுகளின் கீழே 'விதிமுறைத் தாள் வேண்டுவோர் பத்தாம் எண் உறை அனுப்பவும்' என்பது போல ஒரு வரி இருக்கும். பத்தாம் எண் உறை என்பது அங்கே அலுவலகங்களில் புழங்கும் ஒன்பதரை அங்குல நீள உறை. தாளை மூன்றாக மடித்தால் கச்சிதமாக உள்ளே போகும். பத்திரிகை அலுவலகத்தில் விதிமுறையை ஒரு தாளில் அச்சடித்து அடுக்கி வைத்திருப்பார்கள். உறை வந்ததும் உதவியாளர் ஒரு தாளை எடுத்து மடித்து உள்ளே போட்டு ஒட்டி அனுப்பிவிடுவார். ஆசிரியர் அந்தக் கடிதத்தைப் பார்க்கவே மாட்டார். யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த முறை ஓடியது. இப்போது அங்கேயும் அந்தத் தாள்கள் இணையதளத்துக்குப் போய்விட்டன. பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வராத நாவலைத் தொடுவதே இல்லை. உங்கள் கையேடு சொல்வது அந்த நாட்டிலேயே பழங்கதையாகிவிட்டது.

நம் ஊர்க் கதை வேறு. தமிழில் இலக்கிய முகவர் என்ற இடைநிலை ஆள் அநேகமாக இல்லை. பல பதிப்பகங்களில் முதலாளியே ஆசிரியர்; புத்தகக் கண்காட்சி நேரத்தில் அவரே பார்சலும் கட்டுவார். அது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் கடிதம் நேராக முடிவெடுப்பவரின் கைக்கே போகிறது. கெட்டதும்தான், ஏனென்றால் அவருக்கு நேரம் கிடையாது. அவரிடம் போய் விதிமுறை கேட்டால் அவர் உட்கார்ந்து புதிதாக ஒன்றை எழுத வேண்டும். எழுத மாட்டார். கடிதத்தை 'பிறகு பார்க்கலாம்' என்று மேசையின் இடது பக்கத்தில் வைப்பார். அந்த இடது பக்க அடுக்கை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான்தான் சுத்தம் செய்வேன். அதில் இருந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும்: 'நான் ஒரு வளரும் எழுத்தாளர். தங்கள் பதிப்பகத்தில் நூல் வெளியிட என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிவிக்கவும்.' எந்த நூல், எத்தனை பக்கம், எதைப் பற்றி, ஒன்றும் இருக்காது. கல்யாணத் தரகரிடம் போய்ப் பெண்ணா பிள்ளையா என்று கூடச் சொல்லாமல் வரன் கேட்பது போல.

அரசு சார்ந்த இடங்களை மட்டும் இதிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். தேசியப் புத்தக அறக்கட்டளை, சாகித்திய அகாதெமி போன்றவற்றில் எல்லாமே எழுத்து வடிவில்தான் நடக்கும். நூல் வெளியிட நிதியுதவி தரும் தமிழ் வளர்ச்சித் துறையின் திட்டத்துக்கும் விண்ணப்பப் படிவம் உண்டு. அறிவிப்பு வரும்போது பார்த்து, படிவத்தை வாங்கி நிரப்ப வேண்டும். அங்கே 'விதிமுறை வேண்டும்' என்று ஒரு வரிக் கடிதம் எழுதினால் தப்பே இல்லை. தனியார் பதிப்பகங்களிலும் சிலர் இணையதளத்திலோ புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ நாலு வரி போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் கடிதம் எழுதினால், பார்க்கவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மற்ற பதிப்பகங்களுக்கு விதிமுறை எங்கே இருக்கிறது? அவர்கள் போட்ட புத்தகங்களில் இருக்கிறது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு நாள் மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள். உங்கள் மனத்தில் இருக்கும் பதிப்பகத்தின் நாவல்கள் ஐந்தாறு எடுத்து மேசையில் பரப்புங்கள். முதலில் நாவல் போடுகிறார்களா என்று பாருங்கள். ஆன்மிகமும் சமையலும் போட்டித் தேர்வு வழிகாட்டியும் போடும் இடத்துக்கு விசைத்தறி நாவலை அனுப்பி அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து, முதல் நூல் எழுதியவர்கள் யாராவது இருக்கிறார்களா? பின்னட்டையில் 'இது இவருடைய முதல் நாவல்' என்று எத்தனை புத்தகங்களில் இருக்கிறது? ஒன்றுமே இல்லை என்றால் அதுவே பதில். பக்கங்களைப் பாருங்கள்: எல்லாம் இருநூறுக்குள் முடிகிறதா, எழுநூறு பக்க நாவலும் இருக்கிறதா? பேச்சுவழக்கை எப்படி அச்சிடுகிறார்கள், ஒற்று மிகும் இடங்களில் கவனம் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். க்ரியா போன்ற ஒரு பதிப்பகம் 1974 முதல் செம்மையாக்கத்துக்கு, அதாவது பிரதியைத் திருத்திச் சீராக்குவதற்கு, பெயர் வாங்கியது. அது எந்த அறிக்கையிலும் சொல்லி வந்த பெயர் அல்ல. புத்தகத்தைப் பிரித்தாலே தெரியும். கடைசியாகப் பதிப்புரிமைப் பக்கம். உரிமை யார் பெயரில் இருக்கிறது? ஆசிரியர் பெயரிலா, பதிப்பகத்தின் பெயரிலா? இந்த ஒரு வரி, எந்த விதிமுறைத் தாளும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாதவை சில இருக்கும். அவற்றைத்தான் கடிதத்தில் கேட்க வேண்டும். என் கணக்கில் மொத்தம் நாலுதான். இப்போது புதிய நாவல்களைப் பரிசீலிக்கிறீர்களா என்பது ஒன்று. முழுப் பிரதி வேண்டுமா, சுருக்கமும் இரண்டு மூன்று அத்தியாயங்களும் போதுமா என்பது இரண்டு. தாளிலா, கணினிக் கோப்பாகவா. கோப்பு என்றால் யூனிகோடா (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை), வேறு எழுத்துருவா என்பது மூன்று. முடிவு சொல்ல ஏறக்குறைய எத்தனை மாதம் ஆகும் என்பது நாலு. ராயல்டி எவ்வளவு, அட்டை யார் வரைவார், வெளியீட்டு விழா உண்டா என்பதெல்லாம் முதல் கடிதத்தில் வேண்டாம். பெண் பார்க்கும் முன்பே சீர்வரிசை பேசுகிற வேலை அது.

எழுத்துருக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அல்ல. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் புழங்கின. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக எழுத்துகள் சிதறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். டி.டி.பி. கடையில் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன்பே கேட்டு வைத்தால், பிறகு இரண்டாம் முறை மெய்ப்புப் பார்க்கும் தண்டனை மிச்சம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். சங்கரன்கோவில் பகுதி விசைத்தறிக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைகளைப் பற்றி நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். ஏறத்தாழ 62,000 சொற்கள். இது என் முதல் நாவல். இதன் எந்தப் பகுதியும் இதுவரை எங்கும் வெளிவரவில்லை. தங்கள் வெளியீடுகளில் தொழில் சார்ந்த வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களைத் தொடர்ந்து வாசித்து வருவதால் தங்களுக்கு எழுதுகிறேன். கீழே உள்ள நான்கு கேள்விகளுக்கு இந்தத் தாளிலேயே குறித்து, இணைத்துள்ள உறையில் திருப்பி அனுப்பினால் போதுமானது. தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்க விரும்பினால் விவரம் கீழே இருக்கிறது. நன்றி. இப்படிக்கு..."

அதன் கீழே நான்கு கேள்விகள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'ஆம் / இல்லை' என்றோ, கோடிட்ட இடமோ விடுங்கள். அவர் செய்ய வேண்டியது பேனாவை எடுத்து நாலு இடத்தில் சுழிப்பது மட்டும். என் பதினோரு ஆண்டுகளில் இப்படி வந்த கடிதங்கள் பத்துகூட இருக்காது. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே பதில் போனது. எங்கள் முதலாளி காபி குடித்துக்கொண்டே சுழித்துவிட்டு என்னிடம் நீட்டுவார். அமெரிக்கக்காரன் அச்சிட்ட தாளை அடுக்கி வைத்து எதைச் சாதித்தானோ, அதை நீங்கள் உங்கள் கடிதத்திலேயே செய்துவிடுகிறீர்கள்: பதில் எழுதும் உழைப்பைக் குறைத்துவிடுகிறீர்கள்.

மாதிரியில் சொன்ன 'தங்கள் வெளியீடுகளை வாசித்து வருகிறேன்' என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒரு நூலின் பெயரைக் குறிப்பிட்டால் இன்னும் நல்லது. ஒருமுறை ஒருவர், எங்கள் போட்டிப் பதிப்பகத்தின் மூன்று நாவல்களைப் பெயர் சொல்லிப் பாராட்டி எங்களுக்கு எழுதியிருந்தார். முதலாளி அந்தக் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். பதில் போட்டதாக நினைவில்லை.

சொல் எண்ணிக்கை ஏன் என்று கேட்பீர்கள். 'நான்கு நோட்டு' என்றால் பதிப்பாளருக்கு ஒன்றும் புரியாது. அவர் ஃபாரம் கணக்கில் யோசிப்பவர். ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் பிடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து காகிதம், விலை எல்லாவற்றையும் கடிதம் படிக்கும்போதே மனக்கணக்காகப் போட்டுவிடுவார். கையெழுத்துப் பிரதியில் எண்ணுவது பெரிய வேலை இல்லை. அங்கங்கே பத்துப் பக்கங்களைப் பொறுக்கி, சொற்களை எண்ணி, சராசரி எடுத்து, மொத்தப் பக்கத்தால் பெருக்குங்கள். ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

இனி உறை. சிரிக்காதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சுயவிலாச உறையில் பெறுநர் நீங்கள், அனுப்புநர் பதிப்பகம். பழக்கத்தில் இரண்டு உறையிலும் பதிப்பகத்தின் விலாசத்தையே எழுதிவிடுவார்கள். அந்த உறை எங்களிடமிருந்து புறப்பட்டு எங்களிடமே திரும்பி வந்த நாள்களும் உண்டு. பின்கோடு ஆறு இலக்கமும் எழுதுங்கள். உங்கள் ஊர் சிறியதென்றால் 'வழி' என்று பக்கத்து ஊர்ப் பெயரையும் சேருங்கள். தபால்தலையை உறையில் ஒட்டியே அனுப்புங்கள். சிலர் தலைகளைத் தனியாகக் கடிதத்தோடு வைப்பார்கள். சென்னையின் ஈரக்காற்றில் அது உங்கள் கடிதத்தின் முதல் பத்தியோடு ஒட்டிக்கொள்ளும்.

எடையையும் பாருங்கள். கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். ஏ4 தாள் ஒன்று, சாதாரணமாக ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் தரத்தில், ஏறக்குறைய 5 கிராம். ஒரு தாள் கடிதம், மடித்த பதில் உறை, வெளி உறை மூன்றும் சேர்ந்தால் 20 கிராமுக்குள் அடங்கும். கதைச் சுருக்கம் என்று இன்னொரு தாளும் இன்னொன்றும் சேர்த்தால் தாண்டிவிடும். தபால்தலை குறைவாக ஒட்டியிருந்தால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் தபால்காரர் கேட்பார். முகம் தெரியாத எழுத்தாளருக்காகப் பத்து ரூபாய் எடுத்துக் கொடுக்கும் பதிப்பாளர் இருக்கலாம். அவர் அந்தக் கடிதத்தை எந்த மனநிலையில் பிரிப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தபால் அலுவலகத்துக்குப் போய் நிறுத்துப் பார்த்தே ஒட்டுங்கள்.

விசாரணைக் கடிதத்துக்கு விரைவுத் தபால் தேவையில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபால் என்றால் வக்கீல் நோட்டீஸோ என்று முதலில் ஒரு பயம் வரும். முழுப் பிரதி அனுப்பும்போதுதான் அது வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே 'ரிஜிஸ்தர் பண்ணுங்கள்' என்று மூத்தவர்கள் சொன்னால் விரைவுத் தபால் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எப்போது அனுப்புவது என்பதும் பாதி விஷயம். சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டி வரும். தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுச் சக்கரமே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி முடியும் வரை பதிப்பகத்தில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. அச்சகம், பைண்டிங், அட்டை, கடைசி நிமிட முன்னுரை. அந்த நேரத்தில் வரும் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடது பக்க அடுக்குக்குத்தான் போகும். கண்காட்சி முடிந்து, கணக்கு முடித்து, பிப்ரவரி பாதிக்கு மேல் ஒரு அமைதி வரும். அதிலிருந்து மே வரைதான் புதியவர்களின் பிரதியை ஆற அமர எடுத்துப் பார்க்கும் காலம். ஜூலை, ஆகஸ்டில் நெய்வேலி, ஈரோடு புத்தகக் கண்காட்சிகள் என்று மறுபடி பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். கண்காட்சிக்கே நேரில் போய் அரங்கில் பிரதியை நீட்டலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். கூட்டத்தில் பில் போட்டுக்கொண்டிருப்பவரிடம் நாவலைக் கொடுத்தால் அது எந்த அட்டைப் பெட்டிக்குள் போகும் என்பது அவருக்கே தெரியாது. அரங்குக்குப் போங்கள், புத்தகம் வாங்குங்கள், யாருக்கு எழுத வேண்டும் என்று பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பத்திரிகைகளுக்குச் சிறுகதை அனுப்புவதாக இருந்தால் இந்த விசாரணைக் கடிதமே தேவையில்லை. இதழை நாலு வாரம் வாங்கிப் படித்தால் நீளம் தெரிந்துவிடும். கதையை நேராக அனுப்பிவிட வேண்டியதுதான். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுவது, இடப்பக்கம் ஓரம் விடுவது, 'இது என் சொந்தக் கற்பனை. தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல. வேறு இதழுக்கு அனுப்பப்படவில்லை' என்று உறுதிமொழி இணைப்பது, இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். 'போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை இல்லாத படைப்புகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா' என்ற வரியைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்றைய மூத்த எழுத்தாளர்கள் எல்லாரும். திரும்பி வந்த உறையைத் தபால்காரர் கையில் பார்த்ததும், உறைமேல் இருக்கும் கையெழுத்து தன்னுடையது என்பதால் தெருமுனையிலேயே சேதி தெரிந்துவிடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உறைமேல் விலாசத்தை இனி மனைவியை விட்டு எழுதச் சொல்லப் போவதாகவும் சொன்னார்.

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சென்னைக்கு எழுதுகிறவர்களுக்குத் தபால்தலை எப்போதும் ஒரு முள். அந்த நாட்டுத் தலையை ஒட்டிய உறை இங்கிருந்து போகாது. இதற்காகவே அகில உலக அஞ்சல் ஒன்றியம் 1907 முதல் பன்னாட்டுப் பதில் கூப்பன் என்ற ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டனும் அமெரிக்காவும்கூட அதை விற்பதை 2013க்குள் நிறுத்திவிட்டன. வெளிநாட்டிலிருந்து எழுதுபவர்கள் உறையை மறந்துவிட்டு, மின்னஞ்சல் முகவரியைப் பெரிய எழுத்தில் கொடுப்பதே மேல்.

பதில் வந்தால் அதைப் படிப்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 'அனுப்புங்கள், பார்க்கிறோம்' என்றால் பார்ப்பார்கள் என்று மட்டும் அர்த்தம், போடுவார்கள் என்றல்ல. 'தற்சமயம் கைவசம் நிறையப் பிரதிகள் உள்ளன' என்றால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு ஒருவர் 'இப்போது தீர்ந்துவிட்டதா?' என்று எழுதினார். நாங்கள் சிரித்தோம், ஆனாலும் பிரதியை வரவழைத்துப் படித்தோம். சில சமயம் அப்பாவித்தனமும் வேலை செய்கிறது.

மூன்றாவது வகைப் பதில் மிக விரைவாக வரும். கெட்டியான தாளில், வண்ணத்தில், உங்கள் நாவலைப் படிக்காமலேயே பாராட்டி வரும். கடைசியில் ஒரு தொகை இருக்கும். பணம் கட்டிப் புத்தகம் போடுவது தமிழில் புதிதும் அல்ல, அதுவே மோசடியும் அல்ல. நல்ல எழுத்தாளர்கள் பலர் முதல் நூலைக் கைக்காசு போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். எத்தனை பிரதி அச்சாகும், அதில் உங்களுக்கு எத்தனை, விற்கும் பிரதிக்கு உங்கள் பங்கு என்ன, உரிமை யாருக்கு என்று நாலையும் எழுத்தில் கொடுப்பவரிடம் கட்டினால் அது வியாபாரம். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் விருதும் சான்றிதழும் தருவதாகச் சொல்பவரிடம் கட்டினால் உங்களுக்கு மிஞ்சுவது சான்றிதழ். புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தியாவில் அந்த எண்ணை அரசு இலவசமாகத் தருகிறது.

உரிமை விஷயத்தில் சட்டம் நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்குச் சாதகமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்குத்தான். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 'கதையைத் திருடிவிடுவார்களோ' என்று பயந்து, முதல் கடிதத்தில் கதையையே சொல்லாமல் 'இதுவரை யாரும் தொடாத கரு' என்று எழுதுபவர்கள் உண்டு. கருவை யாரும் திருட மாட்டார்கள், அவ்வளவு சுறுசுறுப்பு எங்கள் தொழிலில் இல்லை. எழுதியதற்கான உரிமை எழுதிய கணமே உங்களுடையது. பதிவு செய்யாவிட்டாலும் அது போய்விடாது.

பதிலே வராவிட்டால்? ஆறு வாரம் பொறுங்கள். பிறகு ஓர் அஞ்சலட்டை, ஐம்பது காசுதான். 'இன்ன தேதியில் எழுதியிருந்தேன், தங்கள் பார்வைக்கு வந்ததா?' என்று இரண்டு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பதிப்பகத்துக்கு எழுதுங்கள். விசாரணைக் கடிதத்தை ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களுக்கு அனுப்புவதில் தவறில்லை. முழுப் பிரதியை அப்படி அனுப்பினால் மட்டும் அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பதிப்பகங்கள் ஒரே நாவலுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த கூத்து ஒன்று எனக்குத் தெரியும். எழுத்தாளர் அதற்குப் பிறகு இரண்டு இடத்துக்கும் போக முடியவில்லை.

கடைசியாக, அந்த நான்கு நோட்டுகள். அனுப்பக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், ஒரு பெரியவர் தன் நாவலை நோட்டுகளாகவே அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், சணல் கயிறு போட்டுக் கட்டிய பார்சல். நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவரே நேரில் வந்தார். நானும் பைண்டிங் பையனும் பரண்மேல் ஏறி இரண்டு நாள் தேடினோம். இடையில் அலுவலகம் மாறியிருந்தது. பழைய காகிதம் இரண்டு மூட்டை எடைக்குப் போயிருந்தது. நோட்டுகள் கிடைக்கவில்லை. அவற்றோடு அவர் அனுப்பியிருந்த உறை மட்டும் கிடைத்தது: விலாசம் எழுதி, தலை ஒட்டி, பிரிக்காமல். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காபிகூட வேண்டாம் என்று போய்விட்டார்.

நாளைக்கே நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். இரண்டு படி எடுங்கள். ஒன்றை டி.டி.பி. கடையில் கொடுங்கள், இன்னொன்றை உங்கள் வீட்டில் இல்லாமல் வேறு யார் வீட்டிலாவது வையுங்கள். கடிதம் அதற்குப் பிறகு.